மண்டி மொஹல்லாவில் ஒரு சிறு விடுதி

அயலூரில் காலடி எடுத்து வைப்பவனுக்கு முதற் கவலை, இரவு தலை சாய்க்க இடம் எங்கே என்பதுதான். வேலை, வருமானம், பிள்ளைகளின் படிப்பு முதலிய மற்றக் கவலைகள் எல்லாம் பொழுது விடிந்த பிறகே வரும். சொந்த ஊரை விட்டு மைசூர் வந்து குடியேறிய நம்மில் ஒவ்வொருவரும் அந்த முதல் இரவை எங்கோ ஓரிடத்தில் கழித்தவரே. சிலர் உறவினர் வீட்டுக் கூடத்தில் கழித்திருப்பர். சிலர் ரயில் நிலைய ஓய்வறையில் கழித்திருப்பர். வேறு சிலர், என்னைப் போல், அதுவரை பெயரும் கேட்டிராத ஒரு சிறு விடுதியில் கழித்திருப்பர்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. விசாரணை ஜன்னலில் அமரும் நாட்களில், வண்டி நேரத்துக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி, “ஐயா, குடும்பத்தோடு தங்குவதற்கு அதிகச் செலவில்லாத நல்ல இடம் ஏதேனும் உண்டா?” என்பதே. அதற்கு விடை கூறுவது என் உத்தியோகக் கடமையன்று. எனினும் கேட்பவர் தமிழில் கேட்கும்போது, கையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும்போது, விடை கூறாமல் இருக்க மனம் இடங்கொடுப்பதில்லை. அந்த விடையை நான் எங்கே கற்றேன் என்பதையே இக்கட்டுரையில் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மண்டியும் மொஹல்லாவும்

மண்டி என்பது மொத்த வியாபாரம் நடைபெறும் இடம்; மொஹல்லா என்பது பேட்டை. மைசூரில் பழைய பேட்டைகள் பலவற்றுக்கும் மொஹல்லா என்ற பெயரே வழங்கி வருகிறது: லஷ்கர் மொஹல்லா, தேவராஜ மொஹல்லா, கிருஷ்ணராஜ மொஹல்லா, சாமராஜ மொஹல்லா என்பன போல. ரயில் நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்து, கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியைத் தாண்டி, சயாஜிராவ் சாலையைக் கடந்தால் மண்டி மொஹல்லா வந்துவிடும். தலையில் சுமையுடன் நடக்கக்கூடிய தூரமே. தசரா ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் செல்லுவதும் இந்தச் சயாஜிராவ் சாலை வழியாகத்தான்.

இப்பகுதியில் சிறு விடுதிகள் பல இருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1882-இல் பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் வந்தது. பின்னர் அப்பாதை நஞ்சன்கூடு வரையிலும், 1926-இல் சாமராஜநகர் வரையிலும் நீண்டது. சரக்கு வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் மண்டிக்கு அருகிலேயே ஜாகை தேடினர். 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி 1930-இல் மைசூருக்கு வந்தது. அதனோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளும், அவர்களோடு துணைக்கு வருவோரும் சுற்று ஜில்லாக்களிலிருந்தெல்லாம் வந்தனர். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மலையேறிப் பஸ்ஸில் வரும் நம்மவரும் அவர்களுள் உண்டு. நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். துணைக்கு வந்தவர் குளிக்கவும், ஒரு வேட்டியை உலர்த்தவும், இரண்டு மணி நேரம் கண்ணயரவும் இடம் வேண்டுமல்லவா? அந்தத் தேவையைத் தீர்த்து வைப்பவை இச்சிறு விடுதிகளே.

வழிப்போக்கருக்கு இடமளித்தல் நமக்குப் புதிதன்று. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரத்தைக் காணாதவர் யார்? தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரமும் புகழ்பெற்றது. மைசூரிலும் நஞ்சராஜ பகதூர் சத்திரம் இன்றும் நிற்கிறது. இக்காலத்தில் அங்கே பொருட்காட்சிகள் நடைபெறுகின்றன. அரசர்கள் கட்டிய சத்திரங்களில் அறம் இருந்தது, வாடகை இல்லை. இன்றைய பெரிய ஓட்டல்களில் வாடகை இருக்கிறது, வசதியும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு குடும்பம் தன் வீட்டின் ஒரு பகுதியை அறைகளாகத் தடுத்து, வாடகை வாங்கிக்கொண்டு நடத்தும் விடுதி எந்த இனத்தைச் சேர்ந்தது? அது வியாபாரமா, வீடா? இந்த வினாவுக்கு 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எனக்கு விடை கிடைத்தது.

விநாயக சதுர்த்தியன்று வந்து சேர்ந்தோம்

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. மைசூருக்கு மாற்றலாகி, என் தாயாரையும் அழைத்துக்கொண்டு, மயிலாடுதுறையிலிருந்து புறப்படும் இரவு வண்டியில் வந்தேன். செப்டம்பர் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை, விநாயக சதுர்த்தி நாள். இரண்டு நாள் விடுதியில் தங்கி, அதற்குள் வாடகை வீடு ஒன்று பார்த்துக்கொள்வது என்பது எங்கள் திட்டம்.

நிலையத்தில் ஒரு கூலியாள் காட்டிய வழியில் நடந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த விடுதியை அடைந்தோம். மொத்தம் ஒன்பது அறைகள். கீழே முன்பக்கம் ஒரு மேஜை, அதன்மேல் தடித்த பதிவுப் புத்தகம். பின்பக்கம் அக்குடும்பத்தாரின் சமையலறையும் பூஜை அறையும். நாள் வாடகை 350 ரூபாய் என்று சுவரில் பலகை தொங்கிற்று. விலைப்பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது இந்நாட்டில் பழைய விதி. 1867-இல் இயற்றப்பட்ட சராய்ச் சட்டமே அதனை வற்புறுத்தியது. வெந்நீர் காலை எட்டு மணி வரை, ஆளுக்கு ஒரு வாளி. உணவு கிடையாது, வெளியே சென்றுதான் உண்ண வேண்டும்.

விடுதியை நடத்தியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு கன்னட மூதாட்டி. அவரை எல்லோரும் “அஜ்ஜி” என்றே அழைத்தனர்; பாட்டி என்பது பொருள். கணக்கு வழக்குகளை அவருடைய மகன் பார்த்துக்கொண்டார். பதிவுப் புத்தகத்தில் பெயர், ஊர், வந்த காரியம், போகும் இடம் ஆகிய யாவற்றையும் நான் எழுதினேன். ஊர் என்ற இடத்தில் மயிலாடுதுறை என்று எழுதியபோது, மகன் எட்டிப் பார்த்து, “காவேரி கடலை நெருங்கும் ஊரல்லவா?” என்றார். “ஆம், துலா ஸ்நானத்துக்குப் பேர் போன ஊர்” என்றேன்.

அன்று மாலை அஜ்ஜி ஒரு கிண்ணத்தில் கடுபு கொண்டு வந்து என் தாயாரிடம் கொடுத்தார். திறந்து பார்த்த தாயார், “அட, நம் கொழுக்கட்டை!” என்றார். அவருக்குக் கன்னடம் தெரியாது. அஜ்ஜிக்குத் தமிழ் தெரியாது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது நம் வழக்கம். எங்கள் பையில் ஊரிலிருந்து கொண்டு வந்த முறுக்கு இருந்தது. அதனை நிரப்பித் தாயார் திருப்பிக் கொடுத்தார். அங்கே அந்த வழக்கம் இருந்ததோ இல்லையோ, பொருள் மட்டும் உடனே விளங்கிவிட்டது.

குழாய் கெட்டுப்போன கதை

நாங்கள் வந்து இறங்கிய அதே நாளில், காவேரி நீரைத் தமிழகத்துக்குத் திறந்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த நாளே மண்டியா பகுதியில் கிளர்ச்சி தொடங்கிற்று. செப்டம்பர் 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கர்நாடகம் முழுவதும் கடையடைப்பு. 12-ஆம் தேதி திங்கட்கிழமை பெங்களூரில் தமிழ்நாட்டு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் தீக்கிரையாயின. அதே நாளில் சென்னையில் கன்னடியர் நடத்தும் ஓர் ஓட்டல் தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கர்நாடக யாத்திரிகரின் வாகனங்களும் தாக்கப்பட்டன என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் போன்றவர்கள் சென்னையில் ஓட்டல் வைத்து, இட்டிலியும் காப்பியும் கொடுத்து மூன்று தலைமுறைத் தமிழரை உபசரித்தவர்கள். வழிப்போக்கனுக்குச் சோறிட்டவன் கதவிலேயே கல் விழுந்த நாள் அது.

மைசூரில் அந்த அளவுக்கு எதுவும் நிகழவில்லை. ஆயினும் எங்கள் திட்டம் கலைந்தது. வீடு பார்க்கச் சென்ற இடத்தில், முதல் நாள் சம்மதித்த ஒருவர், ஊர் எது என்று கேட்டறிந்த பின் மௌனமானார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் அச்சமே. இரண்டு நாள் என்று எண்ணிய தங்கல் நீண்டுகொண்டே போயிற்று.

கடையடைப்பு நாளன்று காப்பி கிளப்புகள் யாவும் மூடியிருந்தன. காலை பத்து மணிக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. அஜ்ஜி நின்றார். “ஊட்ட ஆய்தா?” என்று கேட்டார். உண்டாயிற்றா என்பது அதன் பொருள். கன்னடியர் ஒருவரை ஒருவர் கண்டதும் நலம் விசாரிப்பதும் இச்சொற்களாலேயே. நாங்கள் உண்ணவில்லை என்பது எங்கள் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அரை மணியில் சோறும், சாரு என்று அவர்கள் சொல்லும் ரசமும், ஒரு பொரியலும் வந்தன. அன்று இரவும் வந்தன. மறுநாள் நான் பணம் நீட்டியபோது, அஜ்ஜி கையை மடக்கிக்கொண்டு கன்னடத்தில் கூறியதை மகன் எனக்கு விளக்கினார்: “அறைக்குத்தான் வாடகை. அடுப்புக்கு வாடகை கிடையாது.”

12-ஆம் தேதி பிற்பகல் நான் வேலையிலிருந்து திரும்பியபோது எங்கள் அறை காலியாக இருந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. விசாரித்தால், அஜ்ஜி எங்கள் சாமான்களை உள்கட்டில், தம் சமையலறைக்கு அடுத்த சிறிய அறைக்கு மாற்றியிருந்தார். தெருவைப் பார்த்திருந்த பழைய அறையில் குழாய் கெட்டுவிட்டதென்றும், பழுது பார்க்கச் சில நாட்களாகும் என்றும் காரணம் சொன்னார். தாயார் அவருடன் அமர்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் அக்காரணத்தை அப்படியே நம்பினேன்.

நான்கு நாட்கள் கழிந்து, ஊர் அமைதியான பின், மறந்துவிட்ட ஒரு துண்டை எடுக்க முன்னறைக்குச் சென்றேன். கை கழுவக் குழாயைத் திருகினேன். தண்ணீர் தாராளமாகக் கொட்டிற்று. அதைப் பழுது பார்க்க எவரும் வந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. தெருவிலிருந்து எவனாவது ஒருவன் எதையாவது எறிந்தால் அது எங்கள்மேல் விழலாகாது என்பதற்காகவே அறை மாறியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் என் தாயார் பயந்து போவார் என்பதற்காகவே குழாய் கெட்டிருக்கிறது. அந்த ஒரு பொய்யை நான் அஜ்ஜியிடம் இன்றுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

16-ஆம் தேதி விடுதியை விட்டுப் புறப்பட்டோம். மகனே தம் சிநேகிதர் ஒருவரிடம் எங்களுக்காகப் பேசி, வாடகை வீடு அமர்த்திக் கொடுத்தார். பதினோரு இரவுக்கு 3,850 ரூபாய் கணக்கு. ஒரு ரூபாய் குறைக்கவுமில்லை, ஒரு ரூபாய் கூட்டவுமில்லை. சாப்பாட்டுக்குக் கணக்கே இல்லை.

இத்தாலியர் ஒருவர் சொன்ன சொல்

சில ஆண்டுகளுக்குப் பின், முதுகில் மூட்டையுடன் இத்தாலியர் ஒருவர் என் ஜன்னலுக்கு வந்து, பெரிய ஓட்டல் வேண்டாம், குடும்பத்தார் நடத்தும் எளிய இடம் வேண்டும் என்றார். அவரை அதே விடுதிக்கு அனுப்பினேன். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அத்தொல்லைக்கு அஞ்சிச் சிறு விடுதிகள் சில வெளிநாட்டாரை ஏற்பதில்லை. அஜ்ஜியின் பேரன் அதனைக் கைப்பேசியிலேயே செய்து முடித்துவிட்டான்.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்ப வந்த அவர், என்னைத் தேடி நன்றி கூறினார். அவர் பிறந்ததும் ஒரு சிறு நகரமாம். அங்கும் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. அவற்றைப் பென்சியோனே என்பார்கள். காலையில் காப்பி கொண்டு வருபவளே மாலையில் கணக்கெழுதுவாள்; இரவு தாமதமாக வருபவனுக்கு வீட்டுக்காரரே எழுந்து கதவு திறப்பார். அங்கும் தங்குபவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமாம்.

அவர் கூறியவற்றுள் ஒன்று என் மனத்தில் ஆழப் பதிந்தது. இத்தாலிய மொழியில் ‘ஓஸ்பித்தே’ என்ற ஒரே சொல் விருந்து வைப்பவனையும் குறிக்கும், விருந்தாக வந்தவனையும் குறிக்கும் என்றார். பின்னர் வாசகசாலையில் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், உண்மையே. அச்சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லிலிருந்தே ஆஸ்பத்திரி என்று நாம் வழங்கும் சொல்லும், ஓட்டல் என்னும் சொல்லும் வழிவழியாகக் கிளைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு அருகே ஓட்டல் இருப்பது மண்டி மொஹல்லாவின் விசேஷம் என்று எண்ணியிருந்தேன். சொல்லிலேயே அவை உடன்பிறந்தவை என்பதை அன்றுதான் அறிந்தேன். நம் மொழியிலும் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதியவனாக வந்தவன் எவனோ அவனே விருந்து. அவன் உறவினனாக இருக்க வேண்டுமென்பதில்லை.

தங்குபவரின் கடமை

விருந்து வைப்பவனுக்கும் விருந்தினனுக்கும் ஒரே பெயர் என்றால் கடமையும் இருவருக்கும் உண்டு. நம் குடும்பங்கள் திருமணத்துக்கும், வைத்தியத்துக்கும், தசராவுக்கும் உறவினரை வரவழைக்கிறோம். வீட்டில் இடம் போதாதபோது இத்தகைய விடுதிகளுக்கே அனுப்புகிறோம். ஆகவே சில வார்த்தைகள் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

பதிவுப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுக. ஐந்து பேர் தங்கிவிட்டு மூவர் என்று எழுதுவது சாமர்த்தியமன்று. அறையை முதலிலேயே பார்த்து, வாடகை, வெந்நீர் நேரம், கதவு அடைக்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக்காக வருவோர் அதனை முன்னரே சொல்லிவிடுவது நலம். கீழ்த்தளத்து அறை கொடுப்பார்கள், நடு இரவில் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். தசரா நாட்களில் நகரம் முழுவதும் நிரம்பி வழியும். ஒரு மாதம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். தண்ணீரை வீணாக்கலாகாது, மேல்மாடித் தொட்டியை நிரப்புகிறவரும் அவ்வீட்டுப் பிள்ளையே. பேசிய வாடகையைக் கடைசி நாளில் குறைக்கச் சொல்லிக் கேட்பது நம்மவரிடம் உள்ள ஒரு குறை. அவர்கள் அடுப்பிலிருந்து ஏதேனும் வந்தால், பாத்திரம் வெறுமையாகத் திரும்பலாகாது.

இவ்விடுதிகள் எப்போதும் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. நகரத்தில் மனை விலை ஏறிவிட்டது. படித்த பேரப்பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து கதவு திறக்கும் தொழிலை விரும்புவதில்லை. அறைகளைக் கைப்பேசி வழியே பிடித்துத் தரும் கம்பெனிகள் தரகு கேட்கின்றன. ஒன்பது அறை வைத்திருப்பவரால் அதனைத் தாங்குவது கடினம். அஜ்ஜியின் வீட்டுக்கும் தரகர்கள் வந்து போகிறார்கள். “நான் இருக்கும் வரை இல்லை” என்று அவர் சொல்லி அனுப்புகிறார். அவருக்கு எண்பது வயதாகிவிட்டது.

என் தாயார் 2021-இல் காலமானார். அதுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குச் சுற்றி, அஜ்ஜிக்கென்று ஒரு டப்பாவில் தனியே எடுத்து வைப்பார். அந்த டப்பா ஒருமுறையும் வெறுமையாகத் திரும்பியதில்லை. இப்போது என் மனைவி அதனைச் செய்து வருகிறாள்.

காவேரி வழக்கில் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு மாநிலங்களுக்கும் உரிய பங்கு எண்ணால் வரையறுக்கப்பட்டது. எனினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் பழைய பேச்சு மீண்டும் எழத்தான் செய்கிறது. அத்தகைய நாட்களில் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, “இவர்கள் யார், நாம் யார்?” என்று கேட்பதுண்டு. என் மகன் கேட்டபோது, நான் அவனை மண்டி மொஹல்லாவுக்கு அழைத்துச் சென்றேன். அஜ்ஜி அவனைப் பார்த்து, “ஊட்ட ஆய்தா?” என்று கேட்டார். அவன் முன்னறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து விளையாடினான். நன்றாகவே வேலை செய்தது.

இனி என் ஜன்னலுக்கு வந்து தங்க இடம் கேட்கும் அன்பர்களுக்கு நான் எந்தத் திசையைக் காட்டுவேன் என்பதை நேயர்கள் அறிவீர்கள். நீங்களும் உங்களை நாடி வருவோர்க்கு அத்திசையையே காட்டுங்கள். அதற்கு மேலாக, முதன்முதலாக இவ்வூருக்கு வந்து இறங்கும் ஒருவன், அவன் எம்மொழி பேசுபவனாயினும், உங்கள் வாசலில் நின்று வழி கேட்டால், முதலில் உண்டாயிற்றா என்று கேளுங்கள்.